மீசையை விட வீடு சுவாரசியம்

முப்பத்தோரு வருஷம் டிராயிங் மாஸ்டர் வேலை. ஒன்பதாம் வகுப்புக்கு முறுக்கு மீசைக்குப் பேர்போன ஸ்பெயின் ஓவியர் டாலியின் உருகும் கடிகாரங்களைக் காட்டும்போதெல்லாம் அது சுவரை அடைக்கிற படம் என்றே நினைத்திருந்தேன். நிஜத்தில் 24க்கு 33 சென்டிமீட்டர்தான். பிள்ளைகளின் டிராயிங் நோட்டு அளவு!

டேவிட் புஜோல் இயக்கி 2018இல் வந்த ‘சால்வடார் டாலி: இன் சர்ச் ஆஃப் இம்மார்ட்டாலிட்டி’ ஆவணப்படத்தை மகளுடைய லேப்டாப்பில் பார்த்தேன். பிறந்தார், வளர்ந்தார் என்று இழுக்காமல் நேராக 1929க்குப் போய்விடுகிறார்கள். கனவையும் ஆழ்மனதையும் கலையாக்கிய சர்ரியலிஸ்டுகளோடு சேர்ந்தது, பின்னாளில் மனைவியான காலாவைச் சந்தித்தது, அப்பா வீட்டைவிட்டுத் துரத்தியது எல்லாம் அந்த வருஷத்துக் கதை. துரத்தப்பட்டவர் மொட்டையடித்து முடியைக் கடற்கரையில் புதைத்தாராம்.

படத்தின் உயிர், ஸ்பெயின் கடற்கரைக் கிராமமான போர்ட்லிகாட்டில் அவர் கட்டிய வீடு. 1930இல் ஒரு மீனவக் குடிசையை வாங்கி, பக்கத்துக் குடிசைகளையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து, நாற்பது வருஷம் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். படுக்கையிலிருந்தே சூரிய உதயம் தெரிய ஒரு கண்ணாடி. ஓவிய அறைத் தரையில் நீளமாக ஒரு பிளவு. கான்வாஸை அதில் ஏற்றி இறக்கி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே உச்சியையும் அடியையும் வரையலாம். ஸ்டூலில் ஏறி இறங்கியே முட்டி தேய்ந்த எனக்கு வயிற்றெரிச்சல். அந்தக் கரைப் பாறைகளைப் பார்த்தால் இன்னொன்றும் புரியும்: கனவில் வந்த உருவம் என்று நான் வகுப்பில் சொன்னதில் பாதி, வாசலுக்கு வெளியே கிடந்த கல்.

குறையும் உண்டு. டாலி அறக்கட்டளையின் துணையோடு எடுத்த படம். கல்யாண ஆல்பம் மாதிரி எல்லாரும் நல்ல முகமாகவே இருக்கிறார்கள். பணத்தாசைக்காக சர்ரியலிஸ்டுகளின் தலைவர் பிரெத்தோன் டாலி பெயரின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு ‘அவிடா டாலர்ஸ்’ (டாலர் பேராசை) என்று பட்டம் வைத்தது, ஸ்பெயின் சர்வாதிகாரி பிராங்கோவை டாலி புகழ்ந்தது... அதையெல்லாம் தோண்டித் துருவ வேறு யாராவதுதான் படமெடுக்க வேண்டும். அமரத்துவம், அமரத்துவம் என்று ஓயாமல் பேசுவதும் எனக்குச் சலித்தது.

காலா கதை அப்படியல்ல. அவளுக்கென்று புபோல் என்ற கிராமத்தில் டாலி ஒரு கோட்டை வாங்கிக் கொடுத்தார். அங்கே இவர் போவதென்றால் அவள் எழுதி அழைக்க வேண்டும். இதைக் கேட்டதும் என் மனைவி, “எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்க. லெட்டர் வந்தா வாங்க, இல்லேன்னா வராதீங்க” என்றாள்.

1982இல் காலா இறந்தபின் அவர் அந்தக் கோட்டைக்கே குடிபோனார். பார்த்துப் பார்த்துக் கட்டிய போர்ட்லிகாட் வீட்டுக்குத் திரும்பவேயில்லை. அந்த இடம் வந்ததும் மனைவி டீ போடுகிறேன் என்று எழுந்து போய்விட்டாள். மிச்சத்தை நான் தனியாகத்தான் பார்த்தேன்.