பெட்டி ஊமையானால்: பழைய லைட்டாக்கா, ஈஸ்பீக்கா?

ஆடிக் காற்றில் பாளையங்கோட்டையில் கரண்ட் படுத்தும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. போகும், வரும், மறுபடியும் போகும். அன்றைக்கு நாலாவது தடவை வந்தபோது டெஸ்க்டாப் எழுந்துவிட்டது. விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. லைட்டாக் மட்டும் பேசவில்லை. எனக்குக் கண் தெரியாது, பெட்டி வாயை மூடிக்கொண்டால் கம்ப்யூட்டர் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

லைட்டாக் தெரியாதவர்களுக்கு: சீரியல் கேபிளில் மாட்டும் பேச்சுப் பெட்டி அது. ஆர்சி சிஸ்டம்ஸின் டபுள்டாக் வகையறா. எழுத்தை அனுப்பினால் தானே ஆங்கிலத்தில் பேசும், சவுண்ட் கார்டு வேண்டாம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள்ளேயே இருக்கும் ஸ்பீக்அப் என்ற திரைவாசிப்பான் இதைப் போன்ற பல பெட்டிகளை ஓட்டும். ஸ்பீக்அப் பல வருஷம் கர்னலின் சோதனைப் பகுதியில் கிடந்து, 2020-இல் 5.9 பதிப்பில்தான் முறையான இடத்துக்கு வந்தது.

அம்பாசமுத்திரத்தில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார், அவரிடம் டெக்டாக் எக்ஸ்பிரஸ் என்ற இன்னொரு பேச்சுப் பெட்டி உண்டு. போனில் விஷயத்தைச் சொன்னேன். "இன்னுமா தம்பி அந்தப் பொட்டியக் கெட்டிக்கிட்டு அழுதீங்க? ஈஸ்பீக்குக்கு மாறிர வேண்டியதுதான?" என்றார். ஈஸ்பீக் என்பது பெட்டி இல்லாமல் சவுண்ட் கார்டு வழியாகவே பேசும் மென்பொருள் குரல். "நீங்க முதல்ல டெக்டாக்கப் பரண்ல போடுங்க அண்ணாச்சி, அப்புறம் நான் மாறுதேன்" என்றேன். சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். ஆனால் கேள்வி நியாயமானது. பழைய பெட்டியைச் சரிசெய்து வைத்துக்கொள்வதா, மென்பொருள் குரலுக்கே போய்விடுவதா?

பெட்டியின் பலம் கம்ப்யூட்டர் எழுந்திருக்கும் அந்த முதல் நிமிடத்தில்தான் தெரியும். கர்னல் எழுந்து டிரைவர் ஏறியதுமே பேச ஆரம்பித்துவிடும். வட்டில் பிழை என்று பாதியில் நின்றாலும், எமர்ஜென்சி மோடில் போய் விழுந்தாலும் திரையில் வந்த வரியை வாசிக்கும். ஈஸ்பீக்கின் இப்போதைய வடிவமான ஈஸ்பீக் என்ஜி அப்படி அல்ல. ஸ்பீக்அப்புக்கும் அதற்கும் நடுவில் ஈஸ்பீக்அப் என்று ஒரு இணைப்பு நிரல் ஓட வேண்டும், சவுண்ட் கார்டு தயாராக வேண்டும், சர்வீஸ் கிளம்ப வேண்டும். இதில் ஒன்று சறுக்கினாலும் மௌனம். மூன்று கடைகளின் சர்வரைப் பார்த்துக்கொள்கிற எனக்கு, மெஷின் கெட்டுப்போகும் நேரத்தில்தான் குரல் ரொம்பத் தேவை. அதனால்தான் இந்தப் பெட்டியோடு இத்தனை பிடிவாதம்.

அன்றைக்கு அந்தப் பெட்டியே ஊமை. என்ன கெட்டது என்று சொல்ல வேண்டியதே அதுதானே.

முதல் வேலையாகக் கேபிளைக் கழற்றிவிட்டுப் பெட்டியை மட்டும் ஆன் செய்தேன். இந்த மாதிரிப் பெட்டிகள் பல, ஆன் செய்ததும் தாமே ஏதாவது பேசும். என்னுடையது பேசியது. ஆக அடாப்டர், ஸ்பீக்கர் எல்லாம் உயிரோடு இருக்கின்றன, கோளாறு கேபிளிலோ கம்ப்யூட்டரிலோதான். அதுவும் பேசவில்லை என்றால் லினக்ஸைத் தொடவே வேண்டாம். அடாப்டரையும், உள்ளே பேட்டரி இருந்தால் அதையும் பாருங்கள்.

அடுத்தது ஒரு ஊன்றுகோல். பயனர் பெயர், பாஸ்வேர்டு, ஈஸ்பீக்அப்பைக் கிளப்பும் கட்டளை, மூன்றையும் சத்தமில்லாமல் விரல் நினைவிலேயே அடித்தேன். இரண்டாவது முயற்சியில் குரல் வந்தது. தேதியைக் கேட்டேன். 2009 என்றது! அப்போதே பாதி புரிந்துவிட்டது. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 காசு பேட்டரி செத்துப்போய், லினக்ஸுக்கும் முன்னால் ஓடும் பயாஸின் அமைப்புகள் எல்லாம் பழையபடி ஆகியிருக்கின்றன.

பயாஸுக்குள் ஈஸ்பீக்கும் பேசாது, பெட்டியும் பேசாது. அக்கா மகனைக் கூப்பிட்டேன். ஒவ்வொரு வரியாக எழுத்துக்கூட்டிக் கொண்டே வந்தவன், "மாமா, சீரியல் போர்ட்டுன்னு ஒண்ணு இருக்கு, பக்கத்துல டிஸேபிள்டுன்னு போட்டிருக்கு" என்றான். அதை மாற்றிவிட்டு, புது காசு பேட்டரி போட்டதும் பெட்டி பேசியது. இத்தனை கூத்துக்கும் காரணம் ஒரு காசு பேட்டரி.

பேசியது, ஆனால் இரண்டு நாள் கழித்து வேறொரு கேபிளை மாட்டியபோது மறுபடியும் மௌனம். போர்ட் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஸ்பீக்அப்பை மென்பொருள் குரலுக்கு மாற்றிவிட்டு, போர்ட்டின் வேகத்தை 9600 என்று வைத்து, எக்கோ கட்டளையில் ஒரு வரியை நேரே அதற்கு அனுப்பினேன். அழகாகப் பேசியது. நீளமான பத்தியை அனுப்பினால் நடுவில் வார்த்தைகளை விழுங்கியது. மீட்டரை வைத்துப் பார்த்தால், கேபிளில் அனுப்ப, வாங்க, பூமி என்று மூன்றே கம்பி. பெட்டிக்குள் கொஞ்ச எழுத்துதான் கொள்ளும். நிரம்பியதும் "பொறு" என்று சொல்ல அதற்கு இன்னொரு கம்பி வேண்டும். ஸ்பீக்அப் அந்தக் கம்பியில் சம்மதம் வரக் காத்திருக்கிறது, சம்மதம் வரவே இல்லை. டெக்டாக் எக்ஸ்பிரஸ் இந்த "பொறு", "சரி, அனுப்பு" இரண்டையும் எழுத்துக் குறியாகவே திருப்பி அனுப்பும் வகை. வார்த்தையை விழுங்காமல் உளறினால் வேகம் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

இப்போது வரும் கம்ப்யூட்டர் பலவற்றில் சீரியல் போர்ட்டே கிடையாது. யுஎஸ்பி மாற்றிதான் வழி. முன்பு ஸ்பீக்அப் போர்ட்டின் முகவரிக்கு நேரடியாக எழுதிக்கொண்டிருந்தது, யுஎஸ்பி மாற்றியை மாட்டினால் அதற்குக் கண்ணே தெரியாது. 2017 வாக்கில் அது மாறி, சாதனப் பெயரைக் கொடுத்தால் யுஎஸ்பி வழியாகவும் பேசலாம் என்று ஆனது. ஆனாலும் மாற்றி தயாராகும் முன்பே டிரைவர் ஏறிவிட்டால் மௌனம்தான், பிறகு ஏறும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். இன்னொரு வேடிக்கை: மலிவான மாற்றிகளில் இருக்கும் சிஎச்340 சிப்பை, பிரெய்லி காட்சிப் பலகைகளை ஓட்டும் பிஆர்எல்டிடிஒய் நிரல் தன்னுடைய ஆள் என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும். உபுண்டு 22.04 வந்த புதிதில் பலரும் மாட்டிக்கொண்டது இதில்தான். பார்வையற்றவருக்கான ஒரு நிரல் இன்னொன்றின் வாயைப் பொத்துகிறது. பிரெய்லி பலகை இல்லை என்றால் அதை நீக்கிவிடலாம். இருந்தால் சிஎச்340-ஐப் பிடிக்கச் சொல்லும் அந்த ஒரு விதியை மட்டும் முடக்க வேண்டும். நேரடி போர்ட் இருக்கும்வரை நான் மாற்றிப் பக்கம் போகமாட்டேன்.

ஈஸ்பீக் தரப்பில் கோளாறுகள் குறைவு, ஆனால் எரிச்சலானவை. சவுண்ட் மியூட்டில் கிடக்கும். அல்லது ஹெச்டிஎம்ஐ முதல் சவுண்ட் கார்டாக மாறி, ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குக் குரல் போய்க்கொண்டிருக்கும். சரிசெய்வது சுலபம்தான், காது கேட்கிற இடத்தில் இன்னொரு குரல் இருந்தால்.

தமிழ் என்று வந்தால் போட்டியே இல்லை. லைட்டாக்குக்கு என்ன செய்தாலும் தமிழ் வராது. கிராபிக்ஸ் டெஸ்க்டாப்பில் ஓர்கா என்ற திரைவாசிப்பானும் ஈஸ்பீக் என்ஜியின் தமிழ்க் குரலும் சேர்ந்தால் செய்தி, கடிதம் எல்லாம் கேட்கலாம். ரோபோ மாதிரி இருக்கும், பழகிவிடும். லைட்டாக் மட்டும் என்ன குயிலா?

பெட்டி செத்தால் கடையில் போய் இன்னொன்று வாங்கவும் முடியாது. புதிதாகத் தொடங்குகிறவர் பெட்டியைத் தேடி அலைய வேண்டாம், ஈஸ்பீக் போதும். கையில் பெட்டி இருப்பவர் விற்றுவிடாதீர்கள். என் மெஷினில் இப்போது இரண்டுமே தயார். ஸ்பீக்அப்பின் சிந்த் கோப்பில் ஒரு சொல்லை மாற்றி எழுதினால் குரல் மாறும். அதற்கு மூன்றெழுத்தில் ஒரு குட்டிக் கட்டளை வைத்திருக்கிறேன், இருட்டிலும் அடித்துவிடலாம். எனக்கு எப்போதும் இருட்டுதான், அது வேறு விஷயம்.

போன வாரம் அண்ணாச்சி கூப்பிட்டார். புது மானிட்டர் வாங்கியதிலிருந்து ஈஸ்பீக் வாயே திறக்கவில்லையாம், குரல் ஹெச்டிஎம்ஐ பக்கம் போய்விட்டதாம்.

"அது எப்படி அண்ணாச்சி கண்டுபிடிச்சீங்க?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "டெக்டாக்தான் வாசிச்சுச் சொல்லிச்சு" என்றார்.