சிக்னல் கோடு மூன்று, அழைப்பு ஒன்றும் இல்லை: புதுக் கைப்பேசி வாங்குவோர் கவனத்திற்கு

புதுக் கைப்பேசி வாங்கிய ஐந்தாம் நாள் இரவு அப்பாவுக்கு மூச்சுத் திணறல் வந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அக்கா என்னை ஏழு முறை அழைத்திருக்கிறாள். ஏழு முறையும் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகவே பதில் வந்திருக்கிறது. நான் வீட்டில்தான் இருந்தேன். கைப்பேசியும் தலைமாட்டில்தான் இருந்தது. நடுவில் ஒருமுறை விழித்து அதில் நேரம் பார்த்தேன். சிக்னல் மூன்று கோடு காட்டியது. விடியற்காலையில் தவறிய அழைப்புகளைச் சொல்லும் குறுஞ்செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தபோதுதான் நடந்தது தெரிந்தது. ஓடிப்போய் நின்றபோது அக்கா ஒன்றுதான் கேட்டாள்: "போனை அணைத்து வைத்துவிட்டா தூங்கினாய்?"

அப்பா தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் அந்த நான்கு மணி நேரம் அக்கா அங்கே தனியாக நின்றதை நான் எதைக் கொண்டும் ஈடுகட்ட முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன்பே அறிகுறிகள் இருந்தன. நான் பேசுவது எதிர்முனையில் விட்டு விட்டுக் கேட்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் பேசுவது எனக்குத் தெளிவாகவே கேட்டது. சில அழைப்புகள் மணி அடிக்காமலே தவறிய அழைப்பாகப் பதிவாயின. பேட்டரி இன்னொரு தலைவலி. பெட்டியின் மேல் 5,000 எம்ஏஎச் என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். காலை 7 மணிக்கு 100 சதவீதத்துடன் கிளம்பினால் மதியம் 1 மணிக்கு 41. படம் பார்க்கவில்லை, விளையாடவில்லை. சட்டைப்பையில் சும்மா கிடந்த கைப்பேசியை வெளியே எடுத்தால், யாரோ இப்போதுதான் ஒரு மணி நேரம் பேசி முடித்ததுபோல் வெதுவெதுப்பாக இருந்தது.

ஆறாம் நாள் சேவை மையத்துக்குப் போனேன். இரண்டு குறைகளையும் சொன்னேன். அங்கேதான் முதல் தவறு நடந்தது: அவர்கள் அதை இரண்டாகவே பிரித்துவிட்டார்கள். "அழைப்புப் பிரச்சினைக்கு சிம் நிறுவனத்தைக் கேளுங்கள், சார். பேட்டரி புதுசில் அப்படித்தான் இருக்கும், ஒரு வாரம் போனால் சரியாகிவிடும்." புதுக் கைப்பேசி முதல் சில நாட்களில் செயலிகளைப் புதுப்பிக்கும், படங்களை அலசி வகைப்படுத்தும், அதனால் சார்ஜ் கூடுதலாக இறங்கும் என்பது உண்மைதான். அந்த அரை உண்மையைக் காட்டித்தான் என்னைத் திருப்பி அனுப்பினார்கள்.

சிம் நிறுவனத்தில் புது சிம் கொடுத்தார்கள். 4ஜி அழைப்பு வசதி இயங்குகிறதா என்றும் பார்த்தார்கள், இயங்கியது. மாற்றம் ஒன்றும் இல்லை. ஒன்பதாம் நாள் மறுபடி சேவை மையம். எல்லாவற்றையும் அழித்துத் தொழிற்சாலை அமைப்புக்குக் கொண்டுவந்தார்கள். "இரண்டு மூன்று நாளில் ஒரு அப்டேட் வரும், சார். அதில் சரியாகிவிடும்" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். மாற்றிக்கொள்ளும் காலக்கெடு 10 நாள் என்பது அவருக்குத் தெரியும். அது அவர் கையில் இருந்த ரசீதிலேயே எழுதியிருந்தது. பன்னிரண்டாம் நாள் அப்டேட் வந்தது. போட்டேன். அன்று மாலையே இரண்டு அழைப்புகள் துண்டித்தன. திரும்பப் போனபோது, காலக்கெடு முடிந்துவிட்டது, இனிமேல் பழுதுபார்த்துத்தான் தர முடியும் என்றார்கள்.

ஒன்பதாம் நாள் கொடுத்த ஜாப் ஷீட்டை, அதாவது புகாரையும் செய்த வேலையையும் குறிக்கும் சீட்டை, அப்போதுதான் சரியாகப் படித்தேன். "வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டபடி மென்பொருள் சரிபார்க்கப்பட்டது. குறைபாடு எதுவும் காணப்படவில்லை." அழைப்பு வரவில்லை என்று நான் சொன்னது அதில் இல்லை. பேட்டரி பற்றி ஒரு சொல் இல்லை. அதன் கீழே என் கையெழுத்து இருந்தது.

அன்றிரவு, சிக்னலை ஒப்பிட்டுப் பார்க்க அலமாரியிலிருந்து பழைய கைப்பேசியை எடுத்தேன். திரையில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். எத்தனை சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது, ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறது. 2010ஆம் ஆண்டு ஐபோன் 4 வெளிவந்து சர்ச்சை எழுந்தபோது, கோடுகளைக் கணக்கிடும் தன் சூத்திரமே முற்றிலும் தவறு என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. உண்மையான அளவு டிபிஎம் (dBm) என்ற சிக்னல் அலகில் இருக்கும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில், அமைப்புகளில் கைப்பேசி பற்றிய பகுதிக்குள் சிம் நிலை என்ற இடத்தில் அதைப் பார்க்கலாம். அது மைனஸ் எண்ணாக வரும். பூஜ்யத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

ஒரே சிம், ஒரே மேசை, ஒரே மூலை, இரண்டும் 4ஜியில். பழையது மைனஸ் 93 காட்டியது. புதியது மைனஸ் 109. கையில் எடுத்துப் பிடித்தால் மைனஸ் 117 வரை இறங்கியது. வெறும் 16 எண் வித்தியாசம்தானே என்று தோன்றும். இந்த அளவில் ஒவ்வொரு 10க்கும் பத்து மடங்கு வேறுபாடு. 16 என்றால் ஏறக்குறைய நாற்பது மடங்கு. பழைய கைப்பேசிக்குக் கிடைத்த சிக்னலில் நாற்பதில் ஒரு பங்குதான் புதியதற்குக் கிடைத்துக்கொண்டிருந்தது.

பேட்டரியின் கதையும் அங்கேதான் இருந்தது. டவரின் சிக்னல் சரியாக எட்டாதபோது கைப்பேசி தன் பங்குக்கு உரக்கக் கத்த வேண்டியிருக்கிறது. சாதாரண 4ஜி கைப்பேசி அதிகபட்சம் 200 மில்லிவாட் ஆற்றல் வரை சிக்னல் அனுப்பலாம். நல்ல சிக்னல் உள்ள இடத்தில் அதில் மிகச் சிறு பங்கே போதும். என்னுடையது நாள் முழுவதும் உச்சத்தை ஒட்டியே கத்திக்கொண்டிருந்தது. தொடர்பு அறுந்தால் மறுபடி டவரைத் தேடும். ஒவ்வொரு தேடலுக்கும் சார்ஜ் செலவாகும். தேடும் அந்த நேரத்தில் யாராவது அழைத்தால் நாம் எல்லைக்கு வெளியே இருப்பதாகப் பதில் போகும். பேட்டரி விவரப் பக்கத்தில் திரைக்கும் மேலே மொபைல் நெட்வொர்க் நின்றுகொண்டிருந்ததன் பொருள் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அழைப்பு வராததும் சார்ஜ் இறங்குவதும் ஒரே நோய். தினம் இரண்டு முறை சார்ஜ் போட்டால் பேட்டரியின் ஆயுளும் அதே வேகத்தில் கரையும், ஏனென்றால் அந்த ஆயுளே சார்ஜ் சுற்றுகளின் எண்ணிக்கையில்தான் கணக்காகிறது.

சேவை மையத்தில் ஏன் ஒவ்வொரு முறையும் "நன்றாகத்தானே இருக்கிறது" என்றார்கள் என்பதும் விளங்கியது. அங்கே சிக்னல் அவ்வளவு பலமாக இருந்தது. ஊனமுற்ற ஆன்டெனாகூட அங்கே பிழைத்துக்கொள்ளும்.

இரண்டு கைப்பேசிகளையும் அருகருகே வைத்து எடுத்த படங்களுடன் நான்காம் முறை போனேன். இந்த முறை நான் சொல்லச் சொல்ல எழுதினால்தான் கையெழுத்து என்று நின்றேன். "அழைப்புகள் வருவதில்லை, அதே இடத்தில் இன்னொரு கைப்பேசியைவிட 16 டிபிஎம் குறைவு, முதல் புகார் ஆறாம் நாள்" என்று எழுதி வாங்கினேன். கவுன்ட்டரைத் தாண்டி உள்ளே இருந்த தொழில்நுட்பப் பணியாளர் அந்தச் சீட்டைப் படித்தார், படங்களைப் பார்த்தார், பின்மூடியைச் சூடாக்கித் திறந்தார். மேல் பலகையிலிருந்து சார்ஜ் துளை இருக்கும் கீழ்ப் பலகைக்கு நூல்போல ஒரு கம்பி போகிறது. அதன் முனையில் அரிசி மணியைவிடச் சிறிய வட்டப் பித்தான். அது தன் குழியில் உட்காராமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. கீழே உள்ள ஆன்டெனாவுக்குப் போகும் ஒரே கம்பி அது. அவர் இடுக்கியின் நுனியால் அழுத்தினார். டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அந்தப் பணியாளர்மேல் எனக்கு மரியாதை உண்டு. கோபமெல்லாம், ஆறாம் நாளே அவரிடம் போயிருக்க வேண்டிய கைப்பேசியை மூன்று வாரம் வெளியிலேயே வைத்து நாளைக் கடத்தியவர்கள்மேல்தான். புதிதாக மாற்றித் தரவேண்டிய பொருளைப் பழுதுபார்த்த பொருளாக்கிவிட்டார்கள். பின்மூடியை ஒட்டியிருந்த பசை பிரிந்துவிட்டதே, தண்ணீர் புகாத தன்மை முன்புபோல் இருக்குமா என்று கேட்டேன். அதற்கு உத்தரவாதம் தர முடியாது என்றார்கள். அதையும் ஜாப் ஷீட்டில் எழுதச் சொன்னேன், மறுத்துவிட்டார்கள்.

புதிது வாங்கினால் முதல் இரண்டு நாளுக்குள் பழைய கைப்பேசிக்குப் பக்கத்தில் வைத்து அந்த எண்ணைப் பாருங்கள். உறை போட்டிருந்தால் கழற்றிவிட்டுப் பாருங்கள், உலோகம் உள்ள உறை சிக்னலைக் கெடுக்கலாம். பழையதைவிடப் பத்துக்கு மேல் தொடர்ந்து குறைவாக இருந்தால், அப்டேட் வரும்வரை காத்திருக்கச் சொல்லும் யாருடைய பேச்சையும் கேட்காதீர்கள். காலக்கெடு முடியும் தேதியைச் சொல்லி, மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். உங்கள் குறை உங்கள் சொற்களில் ஏறாத எந்தச் சீட்டிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்போது என் மேசை மூலையில் அது மைனஸ் 94 காட்டுகிறது. இரவில் சார்ஜ் 50க்குக் கீழே இறங்குவதில்லை. பழைய கைப்பேசியிலும் ஒரு சிம் போட்டு வைத்திருக்கிறேன். அந்த எண்ணை அக்காவிடம் மட்டும் கொடுத்திருக்கிறேன்.