மார்க் 1 எம்எக்ஸ்-5ல புது 1.8 விவிடி இன்ஜின்: சில வருஷம் ஓட்டின அனுபவம்

பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 (ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், மார்க் 1ங்கறது அதோட முதல் தலைமுறை) வச்சிருக்கவங்க இன்ஜின் மாத்தலாம்னு யோசிக்க ஆரம்பிச்சதுமே ஹோண்டா கே20, அமெரிக்கன் வி8னு எங்கயோ போயிடறாங்க. நான் போட்டது அதே குடும்பத்து இன்ஜின்தான், 2001ல இருந்து வந்த மார்க் 2 (ரெண்டாம் தலைமுறை) காரோட 1.8 லிட்டர் விவிடி, அதாவது வால்வு திறக்கற நேரத்தை ஓட்டத்துக்கு ஏத்த மாதிரி மாத்திக்கற இன்ஜின். போட்டு சில வருஷமாச்சு, இங்கிலாந்து மழை குளிர் எல்லாத்துலயும் ஓட்டிட்டேன். அடிக்கடி ரோட்ல ஓட்டற காருக்கு இதை விட நல்ல ஸ்வாப் கிடையாதுன்னுதான் சொல்வேன்.

என் கார் 1990 மாடல், 1.6. அந்த வருஷத்து இன்ஜின்ல கிராங்க்ஷாஃப்ட் மூக்கு (முன்னாடி புல்லி மாட்டற முனை) சின்னது, 1991 பாதிக்கு அப்புறம்தான் பெருசாக்கினாங்க. எதுன்னு கண்டுபிடிக்க ஒண்ணையும் பிரிக்க வேண்டாம், டார்ச் அடிச்சு கிராங்க் புல்லி நடுவுல பாருங்க, நாலு வெட்டு தெரிஞ்சா சின்ன மூக்கு, எட்டு இருந்தா பெருசு. சின்ன மூக்குல கீ உக்கார்ற இடம் தேய்ஞ்சு புல்லி ஆட ஆரம்பிச்சா டைமிங் தள்ளிப்போயி வண்டி இழுவையே போயிடும். என்னோடதுல ஐடில்ல நிக்கும்போதே புல்லி ஆடறது கண்ணுக்குத் தெரிஞ்சுது, அதை சரி பண்ற செலவுல வேற இன்ஜினே வாங்கிடலாம்.

இன்ஜின் கிடைக்கறது கஷ்டமே இல்ல. இங்க குளிர்காலத்துல ரோட்ல உப்பு போடுவாங்க, மார்க் 2ல முன்பக்க சேஸி ரயில் உள்ளுக்குள்ளயே துருப்பிடிச்சு எம்ஓடி டெஸ்ட்ல (வருஷா வருஷம் நடக்கற கார் தகுதிச் சோதனை) ஃபெயில் ஆயிடும், இன்ஜின் கல்லு மாதிரி இருக்கும்போதே கார் ஸ்கிராப்புக்குப் போயிடும். கழட்டி வச்ச இன்ஜினை வாங்காதீங்க, கார்லயே இருக்கணும், ஸ்டார்ட் பண்ணி சத்தம் கேட்டு கம்ப்ரெஷன் பாத்துட்டு எடுங்க. வெளிய இருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், பின்பக்க கிராங்க் சீல் மாத்திடுங்க, பம்ப் பெல்ட்டுக்குப் பின்னாடிதான் இருக்கு, அப்புறம் பிரிச்சா டபுள் வேலை.

ஏத்தறதுல பெரிய வித்தை ஒண்ணுமில்ல. பழைய இன்ஜின்ல இருந்த மவுண்ட் கைகளை இதுல மாத்தினேன், பழைய அஞ்சு கியர் பாக்ஸ் அப்படியே சேர்ந்துடுச்சு, 1.8 ஃப்ளைவீலும் கிளட்ச்சும் போட்டேன், எக்ஸாஸ்ட் பைப்பை மட்டும் வெல்டிங் கடையில வெட்டி ஒட்ட வேண்டியிருந்துச்சு. ஆல்டர்னேட்டர் பழசையே வச்சுக்கிட்டேன், ஏன்னா மார்க் 2ல சார்ஜிங்கை ஈசியூதான் (இன்ஜினை ஓட்டற கம்ப்யூட்டர்) கன்ட்ரோல் பண்ணும்.

காசும் நேரமும் போனது வயரிங்லயும் ஈசியூலயும்தான். 1.6 ஈசியூவுக்கு விவிடின்னா என்னன்னே தெரியாது, வால்வுகளைத் திறக்கற கேம்ஷாஃப்டை முன்ன பின்ன தள்ற ஆயில் வால்வை ஓட்ட வேற ஈசியூ வேணும், நான் நாமளே டியூன் பண்ணிக்கற மெகாஸ்கொயர்ட் ஈசியூ போட்டேன். அதோட அந்தப் பழைய கதவு வச்ச ஏர்ஃப்ளோ மீட்டரையும் தூக்கியாச்சு. ஃபுல் த்ராட்டில் டியூனிங் ரோலிங் ரோட்ல (காரை உருளை மேல நிக்க வச்சு ஓட்டிப் பாக்கற மெஷின்) சீக்கிரமே முடிஞ்சுது, ஆனா காலையில குளிர்ல ஸ்டார்ட் பண்றதுக்கான டியூனிங் இருக்கே அது ஒரு குளிர்காலத்தையே தின்னுடுச்சு, ஏன்னா ஒரு தடவை ஸ்டார்ட் ஆனா இன்ஜின் சூடாயிடும், அடுத்த மாத்தத்தை சோதிக்க மறுநாள் காலை வரைக்கும் காத்திருக்கணும். டியூன் பண்றவங்க கிட்ட கார் விடும்போது ராத்திரி தங்க விட்டு கோல்ட் ஸ்டார்ட்டும் பண்ணித் தருவாங்களான்னு முதல்லயே கேட்டுக்குங்க.

ஓட்டறதுக்கு எப்படின்னா, 115 குதிரைத்திறன்ல இருந்து சுமார் 145, டார்க் 136 நியூட்டன் மீட்டர்ல இருந்து 168. கார் எடையே ஒரு டன்னுக்குக் கீழதான், அதுக்கு இது நிறையவே போதும். ஷெஃபீல்டுல இருந்து ஸ்நேக் பாஸ் மலை ரோடு ஏறும்போது முன்னாடி ரெண்டாவது கியருக்கு இறக்கின வளைவெல்லாம் இப்ப மூணாவதுலயே ஏறுது, காரோட முன்பக்கம் கனமாகல, ஸ்டியரிங் பழைய மாதிரியே பேசுது, எனக்கு இதுதான் முக்கியம். 1.6 மேல சுத்தும்போது இருந்த அந்தத் துள்ளல் இதுல கொஞ்சம் கம்மி, அதை இன்னிக்கும் மிஸ் பண்றேன்.

டிஃபரென்ஷியலை (பின் சக்கரங்களுக்கு சக்தியைப் பிரிச்சுத் தர்ற கியர் பெட்டி) மறந்துடாதீங்க. 1.6ல வர்றது 6 இன்ச் கிரவுன் வீல், கூட டார்க் வந்தா தாங்கறது சந்தேகம். நான் மார்க் 1 1.8 காரோட 7 இன்ச் டிஃப், அதுக்கான ப்ரோப்ஷாஃப்ட், டிரைவ்ஷாஃப்ட் எல்லாம் செட்டா போட்டேன், ரேஷியோ 4.3ல இருந்து 4.1 ஆனதால மோட்டார்வேல ஆர்பிஎம்மும் கொஞ்சம் இறங்கிடுச்சு. பிரேக்கும் 1.8 காரோட பெரிய டிஸ்க்தான்.

பேப்பர் வேலை: இன்ஜின் நம்பரும் சிசியும் மாறினதால வி5சியை (காரோட பதிவுப் புத்தகம்) டிவிஎல்ஏக்கு (வண்டிகளைப் பதிவு பண்ற அரசு அலுவலகம்) அனுப்பணும், சிசி மாறினதுக்கு ஆதாரம் கேப்பாங்க, அதனால இன்ஜின் வாங்கின ரசீதை பத்திரமா வைங்க. இன்சூரன்ஸ்காரங்களுக்கும் சொல்லிடுங்க. எம்ஓடி புகை டெஸ்ட்ல காரு, இன்ஜின் ரெண்டுல எது பழசோ அதோட விதிப்படிதான் பாக்கணும், டெஸ்டர் இன்ஜின் வருஷத்தை வச்சு ஆரம்பிச்சா நின்னு எடுத்துச் சொல்லுங்க.