ஆலாக் குஞ்சுகளின் ஆற்றல் கணக்கு: ஓர் ஆய்வகச் சேவை பற்றிய மதிப்புரை

தனுஷ்கோடி மணல்திட்டில் பிறக்கும், சிறு ஆலா என்ற கடற்பறவையின் குஞ்சுகள் ஒரு நாளில் எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகின்றன என்று அறிய, வனத்துறை அனுமதியுடன் எடுத்த இரத்த மாதிரிகளை ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) அளக்கும் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினோம்.

டியூட்டீரியமும் (எடை கூடிய ஹைட்ரஜன்) ஆக்சிஜன்-18உம் (எடை கூடிய ஆக்சிஜன்) செறிந்த நீரைக் குஞ்சின் உடலில் செலுத்தினால், முன்னது நீராக மட்டும் வெளியேறும். பின்னது நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் வெளியேறும். இரண்டும் இரத்தத்தில் குறையும் வேகங்களின் வேறுபாட்டிலிருந்து ஆற்றல் செலவைக் கணக்கிடலாம். 1955இல் உடலியல் அறிஞர் லிஃப்சன் குழுவினர் சுண்டெலிகளில் சோதித்துக் காட்டிய முறை இது.

மாதிரி அனுப்புவதற்கு ஆய்வகம் தந்த வழிகாட்டுதல் மிகத் தெளிவானது. நம் கடற்கரை வெயிலில் மாதிரி சிறிது ஆவியானாலும் ஐசோடோப்பு விகிதம் மாறிவிடும் என்பதால், கண்ணாடி நுண்குழாய்களின் முனைகளை உடனே சுடரில் உருக்கி மூடச் சொன்னார்கள். அளவீடும் நேர்த்தியாக இருந்தது. இருமுறை அளந்த எண்கள் நெருங்கியே வந்தன.

கணக்கில்தான் பிழை. வளர்ந்த பறவைக்குரிய சூத்திரத்தை அப்படியே பயன்படுத்தி, உடலிலுள்ள நீரின் அளவு மாறாது என்று கொண்டிருந்தார்கள். நாளுக்கு நாள் எடை கூடும் குஞ்சுக்கு அது எப்படிப் பொருந்தும்? தொடக்க எடையையும் இறுதி எடையையும் அனுப்பி விளக்கிய பிறகே திருத்தினார்கள். புதிய திசுவில் சேமிக்கப்படும் ஆற்றல் இந்த எண்ணில் அடங்காது என்பதையும் அறிக்கை குறிப்பிடவில்லை. குஞ்சுக்குத் தேவையான இரையை மதிப்பிட அதைத் தனியாகக் கூட்ட வேண்டும்.

அளவீட்டுக்கு இவர்களை நம்பலாம். மூல எண்களைக் கேட்டுப் பெற்று, கணக்கை நீங்களே போடுங்கள்.