மீட்டரா, ஸ்கேனரா, டோ வண்டியா? வேலூரில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவருக்கு

வேலூரில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தால், அது மக்கர் செய்யும் அன்று தனியாகத்தான் நிற்க வேண்டும். அந்த மாதிரி வண்டியில் கை பழகிய பட்டறை இங்கே கிடைப்பது கஷ்டம். கம்பெனி வொர்க்‌ஷாப் என்றால் சென்னை, சுமார் 140 கிலோமீட்டர். தரையை ஒட்டி ஓடும் வண்டியைச் சாதாரணக் கொக்கி போட்டு இழுக்கவும் முடியாது. காரை முழுதாக முதுகில் ஏற்றிக்கொள்ளும் பிளாட்பெட் டோ வண்டிதான் வர வேண்டும்.

என்னுடையது பெங்களூரில் செகண்ட் ஹேண்டாக எடுத்த இரண்டு கதவு டர்போ பெட்ரோல் கார். சத்துவாச்சாரியில் வீட்டு முன் ஷெட்டில் நிற்கிறது, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான் வெளியே போகும். வண்டியின் கோளாறைப் படித்துப் போனில் காட்டும் புளூடூத் ஸ்கேனர், வோல்ட்டும் கரண்ட்டும் அளக்கும் மல்டிமீட்டர், சென்னை வொர்க்‌ஷாப் மூன்றையும் பார்த்துவிட்டேன். எல்லோரும் முதலில் ஸ்கேனர்தான் வாங்குகிறார்கள், நானும் அப்படித்தான் செய்தேன். இன்று யாராவது கேட்டால் மீட்டரை முதலில் வாங்கச் சொல்வேன்.

முதலில் ஸ்கேனருக்குச் சேர வேண்டிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள, வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் ஓபிடி-2 சாக்கெட்டில் செருகி போனில் பார்க்கிறோமே, அந்த மலிவு ரகங்களில் பெரும்பாலானவை ஈஎல்எம்327 என்ற சிப்பின் நகல்கள். மிஸ்ஸிங் அடிக்கும், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாத வண்டிக்கு அதுவே போதும். ஒரு நாள் காட்பாடி மேம்பாலம் ஏறும்போது இழுவை போய், செக் எஞ்சின் லைட் விட்டுவிட்டு எரிந்தது. நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு சேரலாம். விட்டுவிட்டு எரிந்தால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்டரைக் கெடுக்கிறது என்று அர்த்தம், உடனே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும்.

ஸ்கேனர் காட்டிய கோளாறு கோடு (code) பி0302. இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். இங்கே அவசரப்பட்டால் நாலு காயில், நாலு பிளக் என்று பணம் போய்விடும். எஞ்சின் ஆறியதும், பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டேன், மூன்றாவதை இரண்டாவதில். ஸ்கேனரில் அந்தக் கோளாறு கோடை அழித்துவிட்டு ஓட்டினேன். இப்போது பி0303. கோளாறு காயிலோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது, ஒரே ஒரு காயில் வாங்கினேன். கோடு இரண்டிலேயே நின்றிருந்தால் அடுத்துப் பிளக்கை மாற்றிப் பார்த்திருப்பேன்.

ஆனால் ஸ்கேனர் எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை, எங்கே குறை தெரிகிறது என்றுதான் சொல்கிறது. பி0171 வந்தால் பலரும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுகிறார்கள். அந்தக் கோடுக்குப் பொருள், காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது மட்டும்தான். அந்தக் கோடை விட, அதே ஆப்பில் வரும் ஃபியூயல் ட்ரிம் எண்ணைப் பாருங்கள், கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று அது காட்டும். எனக்கு ஐடிலிங்கில் +18 சதவீதம், 2500 ஆர்பிஎம்மில் +4. ஆர்பிஎம் ஏற ஏறக் குறைகிறது என்றால் எங்கோ காற்றைத் திருட்டுத்தனமாக உறிஞ்சுகிறது என்று சந்தேகப்படலாம். எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக்கின் பின்புறம் சுண்டுவிரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாய். நகத்தால் அழுத்தினேன், அப்பளம் மாதிரி வெடித்தது. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் போனட்டுக்குள் ரப்பர் எவ்வளவு நாள் தாங்கும்?

இனி மீட்டர். வாரம் ஒரு முறை ஓடும் வண்டிக்கு வரும் முதல் நோய் பேட்டரிதான். என் வண்டி ஒவ்வொரு சனிக்கிழமையும் செத்துக் கிடந்தது. கடையில் பேட்டரி போய்விட்டது, புதுசு போடுங்கள் என்றார்கள். எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர், “தம்பி, பேட்டரி சாகுதா, யாராவது குடிக்கிறாங்களான்னு முதல்ல பாரு” என்றார். முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும், 12.2 என்றால் பாதிதான். எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை. என்னுடையதில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் சரி, பேட்டரியும் சார்ஜ் ஏற்றியதும் 12.6 பிடித்தது. அப்படியானால் வண்டி நிற்கும்போது யாரோ கரண்டைக் குடிக்கிறார்கள்.

மைனஸ் கேபிளைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் சாக்கெட்டில் வைத்து, கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவில் சேர்த்தேன். இந்த நிலையில் சாவியைத் திருப்பவே கூடாது, மீட்டரின் பியூஸ் போய்விடும். கதவு மூடியதாக வண்டி நம்புவதற்கு லாக்கை ஸ்க்ரூடிரைவரால் தள்ளிவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தேன். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டிகள் தூங்கியபின் 50 மில்லிஆம்பியருக்குள் இருக்க வேண்டும். 180 காட்டியது. பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே போனதில், ஓபிடி சாக்கெட்டின் பியூஸை எடுத்ததும் எண் 20க்கு இறங்கியது. ஆமாம், ஸ்கேனர்தான். அந்தச் சாக்கெட்டின் 16ஆவது பின்னில் சாவி இல்லாமலேயே எப்போதும் பேட்டரி கரண்ட் இருக்கும். செருகியே விட்டிருந்த ஸ்கேனர் தானும் குடித்து, வண்டியின் பெட்டிகளையும் தூங்கவிடாமல் வைத்திருந்தது. வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

சூடு ஏறும் பிரச்சினையில் இரண்டுக்கும் முன்னால் கண்தான். கிரீன் சர்க்கிள் நெரிசலில் சூடு ஏறி, ஹைவேயில் இறங்கினால் ஃபேன் அல்லது அதன் ரிலே. அதை மீட்டர் ஐந்து நிமிடத்தில் சொல்லும். ஹைவேயில்தான் ஏறுகிறது என்றால் ரேடியேட்டரோ தெர்மோஸ்டாட்டோ. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கூலன்ட்டில் கலக்க டிஸ்டில்ட் வாட்டர் வாங்குங்கள். போர் தண்ணீரில் இருக்கும் உப்பு உள்ளே படிந்துவிடும்.

பிரேக்கில் இரண்டு கருவியும் பெரிதாக உதவாது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கும்போது பெடல் மெத்தென்று ஆனால், பிரேக் ஆயில் ஈரம் குடித்திருக்க வாய்ப்பு அதிகம். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் அந்தக் குறைந்தபட்சம் 155. அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். ஒருவர் பெடல் மிதிக்க இன்னொருவர் சக்கரத்தின் பக்கம் பழைய ஆயில் வெளியேறும் நட்டைத் திறக்க வேண்டும், என் மச்சான் மிதிப்பார். வண்டி தாழ்வாக இருப்பதால் முதலில் மரப்பலகை மேல் ஏற்றினால்தான் ஜாக்கி உள்ளே போகும். ஏற்றியபின் ஸ்டாண்டு வைக்காமல் கீழே கையைக்கூட நீட்டாதீர்கள்.

டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ், ஏர்பேக், டைரக்ட் இன்ஜெக்‌ஷனின் ஹை பிரஷர் பெட்ரோல் லைன், ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று போன நிலை, இவற்றுக்கு டோ வண்டிதான். நான் தொடுவதில்லை. போன வருடம் கியர்பாக்ஸுக்காக அனுப்பியபோது கோடு, அது விழுந்த நேரத்தின் சூடு, ஆர்பிஎம், பேட்டரி வோல்ட் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டிவிட்டேன். வண்டி போய்ச் சேர்ந்த அன்று மாலை அங்கிருந்து போன். “சார், இந்த 12.1 வோல்ட் எஞ்சின் ஓடும்போது எடுத்ததா, நின்றபோதா?” என்று கேட்டார் மெக்கானிக்.