சார்ஜ் (கம்பெனிக் கடனுக்கான ஈடு) பதிவு செய்து தருகிறோம் என்று சொல்லும் ஆன்லைன் தளங்களிடம் ஜாக்கிரதை: 38,500 ரூபாய் போய்விட்டது

நேற்று மதியம் பேங்கிலிருந்து போன் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கம்பெனி பெயரில் கடன் வாங்குகிறவர்கள், அதிலும் என்னைப் போல் சின்ன பிரைவேட் லிமிடெட் நடத்துகிறவர்கள், தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கும் பட்டறை எங்களுடையது. சி.என்.சி. மெஷின் வாங்க 60 லட்சம் கடன் சாங்ஷன் ஆனது. ஜூன் 3 அன்று, மெஷினைக் கடனுக்கு ஈடாகக் காட்டும் ஹைப்பாதிகேஷன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டோம். அன்றிலிருந்து 30 நாளுக்குள் அந்த ஈட்டை கம்பெனிப் பதிவாளரிடம் சி.எச்.ஜி.-1 ஃபார்மில் பதிய வேண்டும். 2013ஆம் வருடக் கம்பெனிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு அது. பதியாமல் கிடந்து, நாளை கம்பெனியை மூடும் நிலை வந்தால், சொத்தை விற்றுக் கடன்களைப் பைசல் செய்யும் லிக்விடேட்டர் பேங்கின் ஈட்டைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார். அதனால்தான் பதிவுச் சான்றிதழைக் காட்டினால்தான் இரண்டாவது தவணை 25 லட்சம் என்று பேங்கில் முதலிலேயே சொல்லியிருந்தார்கள்.

"எங்க பேனல்ல கம்பெனி செகரட்டரி இருக்காருங்க, அவரே பண்ணிக் குடுத்துருவாரு" என்று மேனேஜர் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. 2022இல் வேறொரு பேங்கில் அடைத்து முடித்த கடனின் சார்ஜ் இன்னும் எங்கள் கம்பெனி மேல் அப்படியே நின்றுகொண்டிருந்தது. கடன் முடிந்தால் சார்ஜ் தானாகப் போய்விடாது, சி.எச்.ஜி.-4 போட்டு நீக்க வேண்டும். பழையதை நீக்கி, புதியதைப் பதிந்து, இரண்டையும் ஒரே பேக்கேஜில் முடித்துத் தருவதாக ஒரு ஆன்லைன் கம்பெனி சேவைத் தளத்தின் விளம்பரம் அந்த வாரம்தான் கண்ணில் பட்டது.

போன் போட்டேன். ஒரு பெண் பேசினாள். "அண்ணா, எங்கப்பாவும் பட்டறை வெச்சிருந்தவர்தானுங்க. நீங்க மெஷினைப் பாருங்க, பேப்பரை நாங்க பாத்துக்கறோம்." அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். 38,500 ரூபாயை அங்கேயே, பட்டறை வாசலில் நின்றபடியே, ஜிபேயில் அனுப்பினேன். என் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யு.எஸ்.பி. டோக்கனைக் கூரியரில் அனுப்பச் சொன்னார்கள். பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டோக்கன் மேலேயே டேப் ஒட்டி அனுப்பினேன். வீட்டுச் சாவியை முகம் தெரியாதவன் கையில் கொடுத்த மாதிரி.

ஜூன் 24 அன்று ஃபார்ம் போட்டாயிற்று என்று ரசீது வந்தது. நிம்மதியாக இருந்தேன். ஜூலையில் கேட்டால் "போர்ட்டல் ஸ்லோ சார்". அடுத்த வாரம் "பதிவாளர் ஆபீஸ்ல பெண்டிங் சார்". அப்புறம் "டிக்கெட் போட்டிருக்கோம் சார், வெயிட் பண்ணுங்க". பணம் வாங்கும்வரை அண்ணா, வாங்கிய பிறகு சார். அந்தப் பெண்ணின் நம்பர் இப்போது எடுப்பதே இல்லை. வேறு யாரோ ஒருவர் "அவங்க வேற டீம் போயிட்டாங்க சார்" என்கிறார்.

சார்ஜ் இன்னும் பதிவாகவில்லை என்று நேற்று பேங்கில் சொன்ன பிறகுதான் அந்த ரசீது எண்ணைப் போட்டு நிலவரம் பார்த்தோம். திருத்தி அனுப்பச் சொல்லி ஜூலை 1 அன்றே திரும்பி வந்திருக்கிறது. 15 நாள் கெடு கொடுத்திருக்கிறார்கள். யாரும் திருத்தவில்லை, ஃபார்ம் செல்லாததாகிவிட்டது. தப்பு என்ன தெரியுமா? பத்திரத்தின் தேதி ஜூன் 3. இவர்கள் முத்திரைத்தாள் வாங்கிய மே 29ஐ சார்ஜ் உருவான தேதியாகப் போட்டிருக்கிறார்கள். இணைத்த பத்திரமோ போனில் எடுத்த படம். மூன்றாம் பக்கத்தில் யாருடைய கை நிழலோ விழுந்து பாதி வரி தெரியவில்லை. நான் அனுப்பியது நல்ல ஸ்கேன், இன்னும் என் மெயிலில் இருக்கிறது.

திரும்பி வந்த தகவல் எனக்கு ஏன் வரவில்லை என்றால், ஃபார்ம் போனது அவர்கள் லாகினிலிருந்து. கம்பெனியின் பதிவு ஈமெயிலோ பழைய ஆடிட்டர் ஆபீஸுடையது. அதை மாற்றாமல் விட்டது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

சி.எச்.ஜி.-4 போடவே இல்லை. கடன் அடைத்து 300 நாள் தாண்டிவிட்டால் மண்டல இயக்குநரிடம் தாமதத்தை மன்னிக்கக் கேட்டு சி.எச்.ஜி.-8 போட வேண்டுமாம். ஒரு வாரத்தில் முடிப்போம் என்று என்னிடம் சொன்னது முழுப் பொய். பில்லில் செர்சாய் (கடன் ஈடுகளுக்கான மத்தியப் பதிவேடு) பதிவுக்கு என்று 8,000 ரூபாய் வேறு. அது பேங்கே செய்வது, 5 லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்குக் கட்டணமே 100 ரூபாய்தான். எங்கள் கம்பெனியின் மூலதனத்துக்கு சி.எச்.ஜி.-1இன் அரசுக் கட்டணம் 400 ரூபாய். 400 ரூபாய்க் கட்டண வேலைக்கு 38,500 கொடுத்து, அதுவும் நடக்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் "சர்வீஸ் டெலிவர்டு" என்று ஒரு வரி பதில். 38,500 ரூபாய்! இரண்டு பையன்களின் ஒரு மாதச் சம்பளம். மெஷின் கம்பெனிக்காரர் அட்வான்ஸ் 3 லட்சத்தை எத்தனை நாள் பிடித்து வைத்திருப்பார் என்று தெரியாமல் மனைவியும் நானும் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தோம்.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். டோக்கனை யாருக்கும் அனுப்பாதீர்கள், உங்கள் முன்னால் உட்கார்ந்து போடச் சொல்லுங்கள். சப்மிட் செய்யும் முன் தேதி, தொகை, கம்பெனி பெயர் மூன்றையும் பத்திரத்தோடு நீங்களே ஒத்துப் பாருங்கள். பதிவு ஈமெயில் உங்களுடையதாக இருக்கட்டும். ரசீது எண்ணை வாங்கி வாரம் ஒருமுறை நிலவரம் பாருங்கள், அவர்கள் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். பழைய சார்ஜ் நிற்கிறதா என்று கடனுக்குப் போகும் முன்பே எம்.சி.ஏ. (மத்தியக் கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்தில் பார்த்துவிடுங்கள்.

பேனல் செகரட்டரியிடம் இன்று காலை போனேன். எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிக்கு மூன்று மடங்கு கூடுதல் கட்டணமும், கடன் தொகையில் 0.025 சதவீதமும் கட்டி 120 நாளுக்குள் மறுபடி போடலாம் என்றார். எங்களுக்கு அது அக்டோபர் 1. அதைத் தாண்டினால் இந்தச் சார்ஜைப் பதியவே முடியாதாம். டோக்கன் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. அந்தக் கையெழுத்தை ரத்து செய்யச் சொல்லிவிட்டு, புதிதாக வாங்கப் பணம் கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.