பழைய ஃபெண்டர் பேஸ்: பிரசிஷனா, ஜாஸா?

அறுபதுகளில் ஃபெண்டர் நிறுவனம் செய்த பேஸ் கிட்டார் ஒன்றை வாங்குவது என்று முடிவு செய்தவர்கள் வந்து நிற்கும் இடம் இதுதான்: 1951-இல் அறிமுகமான பிரசிஷன் மாடலா, 1960-இல் அறிமுகமான ஜாஸ் மாடலா?

கையில் எடுத்ததுமே வித்தியாசம் தெரிந்துவிடும். தலைப்பக்கம் பிரசிஷனின் கழுத்து பெரும்பாலும் 44 மி.மீ. அகலம், ஜாஸில் 38தான். விரல் சின்னது என்றால் ஜாஸ் சுகம்.

பிரசிஷனில் 1957 முதல் இரண்டாகப் பிளந்த ஒரே பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்). ஒரு வால்யூம், ஒரு டோன், அவ்வளவுதான், இரைச்சலும் கிடையாது. அமெரிக்க இசை நிறுவனமான மோட்டவுனின் பதிவுகளில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது இதைத்தான். ஜாஸில் பிக்கப் இரண்டு. உடலில் தந்திகள் தாங்கி நிற்கும் பாலத்தருகே இருப்பதை மட்டும் திறந்தால் மூக்கால் பாடுகிற அந்தக் குரல் வரும். ஜாஸ் இசையின் பேஸ் கலைஞர் ஜாகோ பாஸ்டோரியஸின் அடையாளமே அது. ஆனால் ஒரு பிக்கப்பின் வால்யூமைக் குறைத்தால் 'ம்ம்' என்று ரீங்காரம் கிளம்பும்.

1965-இல் சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனம் ஃபெண்டரை வாங்குவதற்கு முந்தைய ஜாஸ்தான் பொதுவாக விலை அதிகம். எதுவானாலும் மூடியைக் கழற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பொட்டென்ஷியோமீட்டரின் (வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பாகம்) முதுகில் 1376422 என்றிருந்தால், கடைசி நான்கு இலக்கப்படி அது 1964-இன் 22-ஆவது வாரம் செய்தது. கிட்டார் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது, பாகத்தை மாற்றியிருந்தால் ஒழிய. உள்ளே வயர்களை இணைக்கும் ஈயப்பற்று புதிதாகப் பளபளத்தால் விற்பவரிடம் காரணம் கேளுங்கள். கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் கம்பியான ட்ரஸ் ராட் திரும்புகிறதா என்பதையும் பாருங்கள்.

மறுபெயின்ட் அடித்தது என்றால் சேகரிப்பாளர்கள் ஒதுங்குவார்கள், விலை நன்றாக இறங்கும். வாசிக்கிறவருக்கு அதுதான் யோகம். அப்படியொரு பிரசிஷன் கிடைத்தால் நான் ஜாஸ் பக்கம் திரும்பமாட்டேன்.